ஒளிரும் உணரிகளுக்கு வளைய மூலக்கூறு எதற்கு? ஓட்டையை விட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

முதுநிலை வேதியியல் படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "உயிரியல் மாதிரிகளில் எதையாவது கண்டறிய ஒளிரும் உணரி செய்பவர்கள் திரும்பத் திரும்ப வளைய மூலக்கூறுகளையே எடுக்கிறார்கள். கிரவுன் ஈதர், சைக்ளோடெக்ஸ்ட்ரின், குக்கர்பிட்யூரில் என்று பெயர்தான் மாறுகிறது. ஓட்டைக்குப் பொருந்துவது உள்ளே போய் உட்காரும் என்பதைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது? ரத்தத்தில் இது உண்மையிலேயே வேலை செய்கிறதா, இல்லை ஆய்வுக்கட்டுரையோடு நின்றுவிடுகிறதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிறது. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் எவ்வளவு என்று சில நிமிடங்களில் சொல்லும் கருவிகளில் ஒரு வகை, ஒளியை வைத்துத்தான் அளக்கிறது. அதற்குள் இருப்பது வளையத்தோடு கட்டிய சாயம். நோய்த்தொற்று எவ்வளவு தீவிரம் என்று பார்க்க எடுக்கும் புரோகால்சிடோனின் பரிசோதனையிலும், ஒரு வகைக் கருவியில் கூண்டுக்குள் அடைபட்ட யூரோப்பியம் உலோகம் ஒளிர்கிறது. ஆனால் கட்டுரையிலிருந்து ரத்தம் வரை வந்து சேர்ந்தவை கொஞ்சம்தான். வழியில் நின்றுபோனவை ஏராளம். ஏன் நின்றன என்பதற்கு ஓட்டையின் அளவு பதில் தராது. தண்ணீர்தான் பதில் தரும். என் பார்வையில் இந்தத் துறை முழுக்கவே வளையத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் நடக்கும் பேரம்தான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும்.

முதலில் உணரி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அதில் இரண்டு வேலை இருக்கிறது: ஒன்று பிடிப்பது, இன்னொன்று பிடித்ததைச் சொல்வது. பிடிப்பது வளையம், சொல்வது சாயம். சாயத்தின் மேல் ஒளி பட்டால் அதன் எலக்ட்ரான் ஒன்று மேல்மட்டத்துக்கு ஏறி, சில நானோநொடிகளில் கீழே இறங்கும்போது வேறு நிற ஒளியாக வெளிவரும். இதுதான் ஃப்ளோரசன்ஸ், அதாவது உடனொளிர்வு. சாயத்துக்குப் பக்கத்தில் ஒரு நைட்ரஜன் அணு இருந்து, அதன் தனித்த எலக்ட்ரான் இணை சும்மா இருந்தால், அதிலிருந்து ஓர் எலக்ட்ரான் சாயத்தில் காலியான இடத்துக்குத் தாவிவிடும். சாயம் வாங்கிய ஆற்றல் வெப்பமாகப் போய்விடும், ஒளி வராது. அந்த நைட்ரஜன் ஒரு வளையத்தின் பகுதியாக இருந்து, வளையத்துக்குள் ஓர் உலோக அயனி வந்து உட்கார்ந்தால், எலக்ட்ரான் இணையை அயனி பிடித்துக்கொள்கிறது. தாவல் நிற்கிறது, சாயம் விளக்குப் போல ஒளிர்கிறது.

ஒளித்தூண்டல் எலக்ட்ரான் மாற்றம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். இதை உணரிக்கான ஒரு பொதுவான வடிவமாகவே வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் பிரசன்ன டி சில்வா. இலங்கையில் பிறந்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆய்வு செய்தவர். 1986-இல் ஆந்த்ரசீனையும் நைட்ரஜன் உள்ள கிரவுன் ஈதரையும் ஒரே மூலக்கூறில் கோத்து, கார உலோக அயனி வந்தால் விளக்கு எரிவதைக் காட்டினார். 1993-இல் சோடியம், ஹைட்ரஜன் அயனி இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டுமே ஒளிரும் மூலக்கூறைச் செய்து, ஒரு மூலக்கூறே கணினியின் தர்க்க வாயில் (லாஜிக் கேட்) போல நடந்துகொள்ளும் என்றும் நிறுவினார். தெற்காசிய மாணவர்கள் இவர் பெயரை இன்னும் அதிகமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, இப்போது வளையத்துக்கு வருவோம்.

டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் பெடர்சன் வேறொன்றைச் செய்யப்போய், மாசாகக் கிடைத்த 0.4 சதவீத வெள்ளைப் படிகத்தைத் தூக்கி எறியாமல் ஆராய்ந்ததில் கிடைத்தது முதல் கிரவுன் ஈதர். 1967-இல் வெளியிட்டார். முனைவர் பட்டம் இல்லாத அவர் 1987-இல் டொனால்ட் கிராம், ஜான்-மரி லேன் ஆகியோரோடு நோபல் பரிசு பெற்றார். அன்றிலிருந்து பாடப்புத்தகங்களில் ஒரு அட்டவணை இருக்கிறது: 12-கிரவுன்-4 லித்தியத்துக்கு, 15-கிரவுன்-5 சோடியத்துக்கு, 18-கிரவுன்-6 பொட்டாசியத்துக்கு. முதல் எண் வளையத்தில் உள்ள மொத்த அணுக்கள், இரண்டாவது எண் அவற்றில் ஆக்சிஜன்கள். ஓட்டையின் விட்டமும் அயனியின் விட்டமும் பொருந்துகின்றன என்பது விளக்கம்.

இந்த அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் 1983-இல் ஜார்ஜ் கோக்கல் குழு அளந்த எண்களைப் பார்த்தால் திகைத்துப்போவார்கள். மெத்தனாலில் 12-கிரவுன்-4, 15-கிரவுன்-5, 18-கிரவுன்-6, 24-கிரவுன்-8 நான்கையுமே எடுத்துப் பார்த்தார்கள். சோடியமா பொட்டாசியமா என்றால், நான்குமே பொட்டாசியத்தைத்தான் கூடுதலாகப் பிடித்தன. சோடியத்துக்கு என்று நாம் எழுதிவைத்திருக்கும் 15-கிரவுன்-5 கூடத்தான். காரணம், சிறிய அயனியான சோடியம் தன்னைச் சுற்றியுள்ள கரைப்பான் மூலக்கூறுகளை இறுக்கமாகக் கட்டிப்பிடித்திருக்கிறது. அவற்றை உதறிவிட்டு வளையத்துக்குள் வர அது அதிக விலை கொடுக்க வேண்டும். பொட்டாசியத்தின் பிடி தளர்வு, அதனால் விலை குறைவு. ஓட்டை பொருந்துகிறதா என்பது இரண்டாவது கேள்விதான்.

அப்படியானால் வளையம் எதற்கு? இதே ஆக்சிஜன்களை நேர்ச்சங்கிலியாக வைத்தால் என்ன? வைக்கலாம், ஆனால் மெத்தனாலில் பொட்டாசியத்தைப் பிடிக்கும் வலு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காக விழுந்துவிடும். கிராமத்து வீட்டில் புரிமணை பார்த்திருப்பீர்கள். அடி உருண்டையான மண்பானை சாயாமல் உட்கார, வைக்கோல் புரியை வட்டமாகச் சுற்றிக் கட்டி வைத்திருப்பார்கள். அவிழ்ந்து கிடக்கும் புரியின் மேல் பானையை வைக்க முடியாது. வைக்க வேண்டுமானால் பானையைக் கையில் தூக்கிக்கொண்டே புரியைச் சுற்ற வேண்டும். நேர்ச்சங்கிலி அந்த அவிழ்ந்த புரி. அயனி வந்த பிறகு அது தன் நெளிவு சுளிவுகளை எல்லாம் விட்டுக்கொடுத்து வட்டமாக வேண்டும், அந்தச் செலவு பிணைப்பின் வலுவிலிருந்து கழிந்துவிடும். வளையத்துக்கு அந்தச் செலவைக் குடுவையில் தொகுக்கும்போதே நாம் கட்டிவிட்டோம். முன்கூட்டியே ஒழுங்குபட்டிருத்தல் என்று டொனால்ட் கிராம் வலியுறுத்தியது இதையே.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் மெத்தனாலில். 18-கிரவுன்-6 பொட்டாசியத்தைப் பிடிக்கும் மாறிலி (எண் பெரிதானால் பிடி வலு) மெத்தனாலில் 10-இன் 6-ஆம் அடுக்கு. அதையே தண்ணீரில் அளந்தால் கிட்டத்தட்ட 100 மட்டுமே. வளையம் மாறவில்லை, ஓட்டை மாறவில்லை, அயனி மாறவில்லை. கரைப்பான் ஒன்று மாறியதும் பத்தாயிரம் மடங்கு போய்விட்டது. கரிமக் கரைப்பானில் பிரமாதமாக ஒளிரும் உணரிகள் ரத்தத்தில் சத்தமில்லாமல் இருந்துவிடுவதன் காரணங்களில் இதுவே பெரியது. ஒரு கட்டுரையை எடுத்தால் நான் முதலில் தேடுவது படத்தையல்ல, எந்தக் கரைப்பானில் அளந்தார்கள் என்ற வரியைத்தான். அசிட்டோநைட்ரைல் போன்ற கரிமக் கரைப்பான் என்று இருந்தால் உயிரியல் என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து மனதளவில் அடித்துவிடுவேன்.

பொட்டாசியத்தையே எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். இது மிக நன்றாகத் தீர்க்கப்பட்ட ஒரு சிக்கல். ரத்த நீர்மத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல். சோடியம் 135 முதல் 145. அதாவது பக்கத்தில் முப்பது நாற்பது மடங்கு கூட்டமாக நிற்கும் சோடியத்தைக் கண்டுகொள்ளாமல் பொட்டாசியத்தை மட்டும் எண்ண வேண்டும். அதுவும் துல்லியமாக: 4 என்பது நலம், 6.5 என்பது இதயத் துடிப்பு தடுமாறக்கூடிய ஆபத்து. சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு இந்த எண் தெரிவதில் தாமதம் கூடாது.

மாணவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். பிணைப்பு எவ்வளவு வலுவோ அவ்வளவு நல்ல உணரி என்று நினைப்பார்கள். மில்லிமோலில் இருக்கும் ஒன்றை மைக்ரோமோலிலேயே நிரம்பிவிடும் வளையத்தால் அளக்க முடியாது. 3 இருந்தாலும் 7 இருந்தாலும் எல்லா வளையமும் நிரம்பி, விளக்கு ஒரே மாதிரி எரியும். பிரிகை மாறிலி, அதாவது பாதி வளையங்கள் நிரம்பும் செறிவு, சில மில்லிமோல் அளவில் இருந்தால்தான் பாதி வளையம் நிரம்பி, பாதி காலியாக இருந்து, சின்ன ஏற்ற இறக்கமும் ஒளியில் தெரியும். மிதமாகப் பிடித்து, ஆனால் ஆளை மட்டும் மாற்றிப் பிடிக்காமல் இருப்பது கடினமான வேதியியல்.

இன்னொரு சிக்கல் நைட்ரஜனில் இருக்கிறது. கிரவுன் வளையத்தில் சாதாரண அலிஃபாட்டிக் அமீன் நைட்ரஜனை வைத்தால், அது ரத்தத்தின் 7.4 பிஎச்சில் பெரும்பாலும் புரோட்டானை வாங்கிக்கொள்ளும். புரோட்டானும் எலக்ட்ரான் இணையைப் பிடித்துக்கொள்வதால் தாவல் நின்று, பொட்டாசியமே இல்லாமல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அப்புறம் பொட்டாசியம் வந்து எதை எரியவைக்கும்? இதற்குத் தீர்வாக நைட்ரஜனை பென்சீன் வளையத்தோடு ஒட்டி அனிலின் வகையாக மாற்றினார்கள். அனிலின் நைட்ரஜன் புரோட்டானைச் சுலபத்தில் வாங்காது. அந்த பென்சீன் வளையத்தில், நைட்ரஜனுக்கு அடுத்த இடத்தில் ஓர் ஆக்சிஜனையும் வைத்தார்கள். அதுவும் சேர்ந்து அயனிக்குக் கைகொடுக்கிறது. 2003-இல் வெளிவந்த சோடியம், பொட்டாசியம் உணரிகள் இரண்டும் இந்த வழியில் வந்தவை. சோடியத்துக்கு ஒற்றை வளையம் போதுமானதாக இருந்தது. பொட்டாசியத்துக்கு மூன்று நைட்ரஜன் உள்ள கூண்டு, டிரைஅசாகிரிப்டாண்டு, தேவைப்பட்டது. பொட்டாசியத்தைச் சுற்றியுள்ள தண்ணீரை எல்லாப் பக்கமும் ஈடுகட்டக் கூண்டால்தான் முடியும். விறைப்பான அதன் கைகள் சோடியத்தின் அளவுக்குச் சுருங்கவும் மறுக்கும். சோடியம் உள்ளே வந்தால் தண்ணீரை இழந்ததற்கு ஈடாக ஒன்றும் கிடைக்காது, அதனால் வெளியிலேயே நிற்கிறது.

இந்த மூலக்கூறைத் தண்ணீரில் கரைத்து ரத்தத்தில் ஊற்றுவதில்லை. நாப்தலிமைடு சாயத்தோடு கோத்து, தண்ணீரை உறிஞ்சும் பாலிமர்ப் படலத்தில் வேதிப்பிணைப்பால் ஒட்டி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு அட்டைக்குள் வைக்கிறார்கள். சாயம் நீல ஒளியில் தூண்டப்படும் வகை என்பதால் விலையுயர்ந்த புற ஊதா விளக்கு வேண்டாம். ரத்தத்தின் சிவப்பு நிறம் குறுக்கே வராமலிருக்க, ரத்தம் படும் பக்கத்தில் ஒளிபுகாத அடுக்கு ஒன்று. அயனிகள் அதைத் தாண்டி உள்ளே வரும், ஒளி தாண்டிப் போகாது. ஆப்டி என்ற பெயரில் வந்த ரத்தப் பரிசோதனைக் கருவிகளில் இந்த உத்தி மருத்துவமனைகளை அடைந்தது. மூலக்கூறு பாதி வேலை என்றால் படலம் மீதிப் பாதி. கட்டுரைகளில் படலத்துக்கு ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல வளையமாக இருந்தாலும், ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, எண் பொய்யாக ஏறும். முழு ரத்தத்தில் அளக்கும் கருவிகளில் இந்த உடைவு கண்ணுக்கும் தெரியாது. உணரி உண்மையைத்தான் சொல்கிறது, மாதிரிதான் பொய்யாகிவிட்டது.

செல்லுக்குள் போனால் கதை தலைகீழ். அங்கே பொட்டாசியம் சுமார் 140, சோடியம் 10 அளவில். 1989-இல் மின்டாவும் ரோஜர் சியெனும் செய்த எஸ்பிஎஃப்ஐ என்ற சாயம் இரண்டு நைட்ரஜன் உள்ள கிரவுன் வளையத்தைக் கொண்டது. 340, 380 நானோமீட்டர் என இரண்டு அலைநீளங்களில் மாறி மாறித் தூண்டி, வரும் ஒளிகளின் விகிதத்தைப் பார்ப்பார்கள். அதனால் செல்லில் சாயம் கொஞ்சம் கூடக் குறைய ஏறியிருந்தாலும் கணக்கு கெடாது. நரம்பு செல்லிலும் இதயத் தசையிலும் சோடியம் ஏறி இறங்குவதைப் பார்க்க இது பெரிதும் உதவியது. அதன் உறவுக்காரனான பிபிஎஃப்ஐ பொட்டாசியத்துக்கு என்று விற்கப்பட்டாலும், சோடியத்தைவிடப் பொட்டாசியத்தை ஒன்றரை மடங்குதான் கூடுதலாக விரும்பும். செல்லுக்குள் பொட்டாசியம் மலைபோல் இருப்பதால் ஒப்பேற்றியது, வெளியே அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

இதுவரை தண்ணீர் நமக்கு எதிரி. அடுத்த குடும்பத்தில் அதே தண்ணீர் நம் பக்கம் வந்து நிற்கிறது.

குக்கர்பிட்யூரில் என்பது கிளைக்கால்யூரிலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து உருவாகும் வளையம். ஜெர்மனியில் ராபர்ட் பேரண்டு 1905-லேயே இதைச் செய்துவிட்டார், ஆனால் என்ன கிடைத்தது என்று அப்போது தெரியவில்லை. 1981-இல் வில்லியம் மோக் குழு அமைப்பைக் கண்டுபிடித்தபோது பூசணிக்காயின் சாயல் தெரிந்ததால், பூசணிக் குடும்பத்தின் தாவரவியல் பெயரையே வைத்தார்கள். இரண்டு வாய்களிலும் கார்பனைல் ஆக்சிஜன்கள் வரிசையாக நிற்கும், வயிறு எண்ணெய்ப்பசை போலத் தண்ணீரை விரும்பாத குழி. 2000-இல் தென்கொரியாவின் போஹாங்கில் கிமூன் கிம் குழு ஐந்து, ஏழு, எட்டு அலகுகள் கொண்ட வளையங்களைப் பிரித்தெடுத்த பிறகுதான் இந்தத் துறை வேகம் எடுத்தது. உணரிக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது ஏழு அலகு வளையம், ஏனென்றால் அது தண்ணீரில் தாராளமாகக் கரையும்.

அந்தக் குழிக்குள் சில தண்ணீர் மூலக்கூறுகள் மாட்டிக்கொண்டிருக்கும். வெளியே இருந்தால் ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்தோடு ஹைட்ரஜன் பிணைப்புகள் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கும். உள்ளே சுவரும் கைகொடுக்காது, கூட்டமும் போதாது. பொருத்தமான விருந்தாளி ஒன்று உள்ளே வந்தால் இந்தத் தண்ணீர் வெளியே போய் விடுதலை பெறுகிறது, அந்த ஆற்றல் முழுவதும் பிணைப்புக்கு லாபம். விருந்தாளியின் வாலில் நேர்மின்சுமை இருந்து அது வாயின் ஆக்சிஜன்களைத் தொட்டால் இன்னும் லாபம். இயற்கையில் மிக வலுவான பிணைப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பயோட்டின்-அவிடின் இணையின் மாறிலி 10-இன் 15-ஆம் அடுக்கு. ஏழு அலகுப் பூசணி, டயமன்டேன் என்ற கரிமக் கூண்டு மூலக்கூறின் வழிப்பொருள் ஒன்றை அதையும் தாண்டிய வலுவில், அதுவும் தண்ணீரில், பிடித்ததை 2014-இல் அளந்தார்கள். கைகளால் செய்த ஒரு எளிய வளையம் புரதத்தை முந்தியது என்பதை இப்போது படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

இதை உணரியாக்கும் வழி எளிது. முதலில் ஒரு சாயத்தை வளையத்துக்குள் உட்காரவைக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது சில சாயங்கள் பிரகாசமாக ஒளிரும், ஏனென்றால் ஒளியை அணைக்கும் தண்ணீர் அங்கே இல்லை, உடலை ஆட்டி ஆற்றலை வீணாக்கவும் இடமில்லை. பிறகு நாம் தேடும் பொருள் வந்து சாயத்தை வெளியே தள்ளினால் ஒளி மங்கும். பேருந்தில் சீட் பிடித்த கதைதான். எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து எவ்வளவு பொருள் வந்தது என்று கணக்கிடலாம். 2007-இல் வெர்னர் நாவ் குழு இதை நொதிகளுக்குப் பயன்படுத்தியது அழகான யோசனை. லைசின் அமினோ அமிலத்தை நொதி கடாவரினாக மாற்றும். லைசின் பூசணிக்குள் அரைமனதாகத்தான் போகும், கடாவரின் ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவாகப் போய் உட்கார்ந்து சாயத்தை வெளியே தள்ளும். நொதி வேலை செய்யச் செய்ய ஒளி இறங்குவதை நேரலையாகப் பார்க்கலாம். ஒவ்வொரு நொதிக்கும் தனித்தனியாகச் சாயம் ஒட்டிய போலி வினைபொருள் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சோதனைகளை உப்பு குறைவான தாங்கல் கரைசலில், அதாவது பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில், செய்தார்கள். வேண்டுமென்றேதான். சோடியம் அயனிகள் பூசணியின் வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும். உடல் திரவத்தில் உள்ள உப்பு அளவில் பிணைப்பு வலு கணிசமாக விழுந்துவிடும். ரத்த நீர்மத்தில் ஆல்புமின் என்ற புரதம் வேறு சாயத்தைத் தன் பக்கம் இழுக்கும், அமீன்கள் பல வகை. யார் சாயத்தைத் தள்ளினார்கள் என்று தெரியாது. இதற்கு இப்போது இரண்டு வழிகளில் தீர்வு தேடுகிறார்கள். ஒன்று, சாயத்தை வளையத்தோடேயே வேதிப்பிணைப்பால் கட்டிப்போடுவது, அப்போது மாதிரியை எவ்வளவு நீர்த்தாலும் சாயம் ஓடிப்போகாது. இன்னொன்று, ஒரே வளையம் எல்லாவற்றையும் துல்லியமாகப் பிரித்தறிய வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, பல வளையம்-சாய இணைகளை வரிசையாக வைத்து, அவை தரும் ஒளிக் கோலத்தைப் படிப்பது. மூக்கு மணத்தை அறிவது இப்படித்தான். முதல் வழி ஒரு குறிப்பிட்ட மருந்தின் அளவைப் பார்க்க, இரண்டாவது வழி ஒரு மாதிரியின் சாயலைப் பார்க்க என்று நான் பிரித்துவைப்பேன்.

சைக்ளோடெக்ஸ்ட்ரினை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு, ஏழு அல்லது எட்டு குளுக்கோஸ் அலகுகள் கோத்த வளையம், மலிவு, நச்சில்லை. டான்சில் சாயத்தை அதில் ஒட்டினால் சாயம் தன் வளையத்துக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்ளும், பித்த அமிலம் வந்தால் வெளியே போய் மங்கும். ஆனால் எண்ணெய்ப்பசையுள்ள எதுவும் அந்தக் குழியை விரும்பும் என்பதால் ரத்தத்தில் நம்பி அளப்பது கடினம். இருந்தும் வளையத்தைச் சரியாகச் செதுக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சுகாமடெக்ஸ் சாட்சி. எட்டு அலகு சைக்ளோடெக்ஸ்ட்ரினின் விளிம்பில் எதிர்மின்சுமைக் கைகளைச் சேர்த்த மருந்து இது. அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ரோகுரோனியத்தை ரத்தத்திலேயே விழுங்கிப் பிடித்து, தசைகளை மீட்டுக்கொடுக்கும். ஐரோப்பாவில் 2008-இலும் அமெரிக்காவில் 2015-இலும் அனுமதி கிடைத்தது. இது உணரி அல்ல. ஆனால் உப்பும் புரதமும் கொழுப்பும் நிறைந்த ரத்தத்தில் ஒரு வளையம் தன் ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்கும் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டாம்.

மூன்றாவது குடும்பத்தில் வளையம் எதையும் கண்டுபிடிப்பதே இல்லை. ஒரு கைதியைப் பூட்டி வைப்பதுதான் அதன் வேலை. அந்தக் கைதி யூரோப்பியம் அல்லது டெர்பியம் அயனி.

இது ஏன் வேண்டியிருக்கிறது என்பதை என் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். தாங்கல் கரைசலில் நன்றாக வேலை செய்த என் முதல் நீலச் சாயத்தை ரத்த நீர்மத்தில் போட்டுப் பார்த்தபோது ஒளி பிரமாதமாக ஏறியது. இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். மூன்றாம் நாள் சாயமே சேர்க்காத ரத்த நீர்மத்தை அளந்தேன், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு ஒளிர்ந்தது. புரதங்களும் வைட்டமின்களும் பிலிருபினும் தாமாகவே ஒளிரும். அந்தப் பின்னணி ஒளி சில நானோநொடிகளில் அடங்கிவிடும். யூரோப்பியத்தின் சிவப்பு ஒளியோ மில்லிநொடி அளவுக்கு நீடிக்கும். விளக்கை ஒருமுறை மின்னவிட்டு, சில பத்து மைக்ரோநொடி காத்திருந்து, பிறகு அளந்தால் பின்னணி எல்லாம் செத்துப்போய் யூரோப்பியம் மட்டும் தனியாக எரிந்துகொண்டிருக்கும்.

ஆனால் வெறும் யூரோப்பியம் தண்ணீரில் இருந்தால், அதைச் சூழ்ந்த தண்ணீரின் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் அதிர்வுகள் அந்த ஆற்றலை உறிஞ்சிவிடும். தானாக ஒளியை உறிஞ்சும் திறனும் அதற்கு மிகக் குறைவு. இரண்டுக்கும் ஒரே மருந்து, லேன் வடிவமைத்த வகைக் கூண்டு. மூன்று பைபிரிடின் சுவர்கள் கொண்ட கிரிப்டேட் தண்ணீரைப் பெருமளவு வெளியே தள்ளுகிறது. அந்தச் சுவர்களே புற ஊதாவை வாங்கி உள்ளே கடத்தும் ஆண்டெனாவாகவும் இருக்கின்றன. இந்தக் கூண்டை ஒரு நோயெதிர்ப்பொருளில் ஒட்டி, இன்னொரு நோயெதிர்ப்பொருளில் வேறொரு சிவப்புச் சாயத்தை ஒட்டுகிறார்கள். புரோகால்சிடோனின் இரண்டையும் ஒன்றாக இணைத்துப் பிடித்தால் ஆற்றல் 620 நானோமீட்டர் அளவில் ஒளிரும் யூரோப்பியத்திலிருந்து சாயத்துக்குத் தாவி 665-இல் வெளிவரும். கழுவிப் பிரிக்கும் வேலை கிடையாது. கிரிப்டர் என்ற கருவி இதை வைத்து ஓடுகிறது, பெயரே கிரிப்டேட்டை நினைவூட்டும். மருந்து நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சலித்துப் பார்க்கும் சோதனைகளிலும் இதே கூண்டுதான். உயிரியல் கண்டறிதலில் மிக அதிகமாகப் புழங்கும் செயற்கை வளையங்களில் ஒன்று, பிடிக்கும் வேலையே செய்யாத வளையம் என்பது கவனிக்க வேண்டியது.

நம் உடலே செய்துகொள்ளும் வளையம் ஒன்று உண்டு, போர்ஃபிரின். அதில் வளையமே சாயம். ஈயம் உடலில் ஏறினால், ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் உருவாகும் கடைசிப் படியில் இரும்பைச் செருகும் நொதி தடைபட்டு, இரும்பின் இடத்தில் துத்தநாகம் போய் உட்காரும். இரும்பு உட்கார்ந்தால் ஒளி இல்லை, துத்தநாகம் உட்கார்ந்தால் ஒளிரும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்த ஒளியைப் பார்த்துக் குழந்தைகளின் ஈய நஞ்சைச் சலித்துக் கண்டறிந்த காலம் உண்டு. அமெரிக்கா 1991-இல் கவலைக்குரிய ஈய அளவை டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமாக இறக்கியபோது, அவ்வளவு குறைந்த அளவுக்கு இந்தச் சோதனை போதவில்லை. இரும்புச்சத்துக் குறைவிலும் இதே ஒளி ஏறும் என்பதும் ஒரு குழப்பம். மூளைப் புற்றுக்கட்டியை நீல ஒளியில் சிவப்பாக எரியவைத்து அறுவை மருத்துவர் ஓரம் பார்த்து வெட்டுவதும் போர்ஃபிரினின் கைவரிசைதான். அது தனிப் பதிலுக்கான விஷயம்.

நீங்கள் இதில் ஆய்வு செய்யப்போகிறீர்கள் என்றால், சாயம் தொகுக்கும் முன்னே நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தேடும் பொருள் ரத்தத்தில் எந்த அளவில் இருக்கிறது, உங்கள் பிரிகை மாறிலி அதன் பக்கத்தில் இருக்கிறதா? 150 மில்லிமோல் சோடியம் குளோரைடு சேர்த்தால் என்ன மிஞ்சுகிறது? பிஎச் சற்று நகர்ந்தால் ஒளி எவ்வளவு நகர்கிறது? ஆல்புமின் மட்டும் சேர்த்தால், தேடும் பொருள் இல்லாமலே ஒளி மாறுகிறதா? இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே செய்துவிடலாம். பெரும்பாலும் ஐந்தாம் ஆண்டில், ஆய்வேடு எழுதும்போதுதான் செய்கிறார்கள்.

கண்ணால் பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு சோதனை சொல்கிறேன். மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரின் தண்ணீரில் கிட்டத்தட்ட ஒளிராது. அதன் மிக நீர்த்த கரைசலில் ஏழு அலகு குக்கர்பிட்யூரிலைச் சேர்த்தால் ஒளிர்வு பல நூறு மடங்கு ஏறும், புற ஊதா விளக்கின் கீழ் குடுவை மஞ்சள் கலந்த பச்சையில் பளிச்சென்று தெரியும். பிறகு பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அமன்டடினை ஒரு சிட்டிகை போடுங்கள். அது பெர்பெரினைவிடப் பல மடங்கு வலுவாக அந்தக் குழியை விரும்புவதால், பெர்பெரின் மறுபடி தண்ணீருக்குள் வந்து விழும். குடுவை உங்கள் கண் முன்னே இருண்டுவிடும்.